ரோட் பைக் எடுக்கட்டா, இந்தச் சைக்கிளே காணுமா?

சின்னம்மாவின் மகன் ஐந்து மாதமாகக் காலையில் சைக்கிள் ஓடுகிறான். வயது 38. கதிரையில் இருந்து செய்யும் வேலை, வயிறு கொஞ்சம் முன்னுக்கு வந்துவிட்டது. ஓடுவது பழைய லுமாலாச் சைக்கிள். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்துப்போய்ப் பின் விறாந்தையில் இருந்து தூசி தட்டி எடுத்தது. மட்டக்களப்புக் கல்லடியில் வீட்டடியில் ஏறினால் தாழங்குடா வரை போய்த் திரும்புவான். போன கிழமை காத்தான்குடி தாண்டும்போது, ரோட் பைக் என்று சொல்லும் மெல்லிய டயர்ச் சைக்கிள்களில் குனிந்தபடி வந்த நாலு பொடியன்கள் இவனை முந்திக்கொண்டு பறந்துவிட்டார்களாம். அன்று பின்னேரமே என் வீட்டு முற்றத்தில் வந்து நின்றான்.

“அண்ணன், நானும் ரோட் பைக் ஒண்டு எடுக்கட்டா? இதில உழக்கி உழக்கி என்ன பிரயோசனம்?”

அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அவன் கேட்டதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ரோட் பைக் வேகமாகப் போகுமா என்பது ஒன்று. அதில் ஓடினால் உடம்புக்குக் கூடுதல் பலன் கிடைக்குமா என்பது மற்றது. முதலாவதற்கு ஆம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இரண்டாவதற்கு அப்படிச் சொல்ல முடியாது. சில வேளை பலன் குறையவும் செய்யும்.

முதலில் உடம்பைப் பார்ப்போம். எவ்வளவு பலமாக உழக்குகிறீர்கள், எவ்வளவு நேரம் உழக்குகிறீர்கள், இந்த இரண்டும்தான் நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் காலுக்கும் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலும் இதே இரண்டைத்தான் வைத்துப் பேசுகிறது. வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் நடுத்தர உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்பு. எது நடுத்தரம் என்று அறியக் கையில் மீற்றர் கட்டத் தேவையில்லை. பக்கத்தில் வருபவரோடு கதைக்கலாம், ஆனால் பாட்டுப் பாட மூச்சுக் காணாது என்றால் நடுத்தரம். நாலு சொல்லுக்கு ஒருதரம் மூச்சு வாங்கினால் கடும் உழைப்பு. பாட்டே தாராளமாக வருகிறது என்றால் நீங்கள் உலாப் போகிறீர்கள். கல்லடிக் கடற்கரைப் பக்கம் பின்னேரம் காணும் சைக்கிள்களில் பாதி இந்த மூன்றாம் வகைதான். அதில் பிழை ஒன்றுமில்லை, அவர்கள் காற்று வாங்க வந்தவர்கள்.

தம்பி கிழமைக்கு ஐந்து நாள் ஓடுகிறான், நாளுக்கு முக்கால் மணித்தியாலம். 225 நிமிடம் வருகிறது. மூச்சும் வாங்குகிறதாம். அப்படியானால் அந்தப் பழைய சைக்கிள் தன் வேலையை ஏற்கனவே ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது.

இனி வேகம். சமதரையில் நம்மைப் பின்னுக்கு இழுப்பவை முக்கியமாக இரண்டு, டயரும் காற்றும். டயர் தரையில் அமுங்கி அமுங்கி உருள்வதால் கொஞ்சச் சக்தி வெப்பமாகிப் போய்விடும். அதைவிடப் பெரிய ஆள் காற்று. வாவிக்குள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடந்திருக்கிறீர்களா? ஆறுதலாக நடந்தால் தண்ணீர் பெரிதாக மறிக்காது. ஓடப் பார்த்தால் யாரோ இடுப்பைப் பிடித்து நிறுத்துவது போல இருக்கும். காற்றும் அதே சாதி. மெல்லியது என்பதால் நாம் கவனிப்பதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்காகும். அந்த நாலு மடங்கை இரண்டு மடங்கு வேகத்தில் தள்ளிக்கொண்டு போகவேண்டும் என்பதால், காற்றுக்காக மட்டும் கால் கொடுக்கவேண்டிய சக்தி எட்டு மடங்காகிவிடும். மணிக்கு 15 கிலோமீற்றரில் விளையாட்டாகத் தெரியும் சைக்கிள் 30இல் உயிரை வாங்குவது இதனால்தான்.

அந்தக் காற்றை அதிகம் மறிப்பது சைக்கிள்கூட இல்லை. எதிர்ப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஓடுபவரின் உடம்பில்தான் விழுகிறது. லுமாலாவில் நாம் நிமிர்ந்து, நெஞ்சை விரித்து, பாய் கட்டிய தோணி போல இருக்கிறோம். ரோட் பைக்கின் வளைந்த ஹேண்டில் தாழ்வாகவும் சற்றுத் தள்ளியும் இருப்பது ஆளைக் குனிய வைப்பதற்காக. மெல்லிய, காற்று இறுக்கமாக அடித்த டயர் இருப்பது லேசாக உருள்வதற்காக.

எடை? பழைய இரும்புச் சைக்கிள் 18 முதல் 20 கிலோ வரும். ஆரம்பக்காரருக்கான அலுமினிய ரோட் பைக் 10 கிலோ அளவு. கடையில் இரண்டு விரலால் தூக்கிக் காட்டுவார்கள், அதில் மயங்காதவர் குறைவு. ஆனால் எடை உண்மையில் கடிப்பது ஏற்றத்தில். பதுளையில் இருப்பவருக்கு அது பெரிய விடயம். நமக்கு ஏற்றம் என்றால் பாலம்தான். கல்லடிப் பாலம், மண்முனைப் பாலம், ஓட்டமாவடிப் பாலம். மூச்சைப் பிடித்து உழக்கினால் உச்சிக்கு வந்துவிடலாம். அதற்காக எட்டுக் கிலோவுக்குக் காசு கொடுப்பது என் பார்வையில் வீண். அந்த எட்டுக் கிலோவை வயிற்றில் இருந்து இறக்கத்தானே தம்பி ஓடத் தொடங்கினான்.

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 75 கிலோ ஆள், சமதரை, காற்றில்லாத காலை. நிமிர்ந்த சைக்கிளில் மணிக்கு 20 கிலோமீற்றர் போகக் காலில் இருந்து 100 வாட் அளவு சக்தி வரவேண்டும். அதே 100 வாட்டை ரோட் பைக்கில் குனிந்திருந்து கொடுத்தால் வேகம் 24 அளவுக்கு வரும். ஆளின் அகலம், உடுப்பு, டயர் எல்லாவற்றையும் பொறுத்து இது ஏறி இறங்கும். ஆனாலும் இந்த அளவுதான். ஒரு மணித்தியாலத்துக்கு நாலு கிலோமீற்றர் கூட.

“நாலுதானா?” என்று தம்பி முகம் சுருங்கினான். அவனை முந்திய பொடியன்கள் அதைவிட வேகமாகத்தானே போனார்கள். போனார்கள், சரி. அதில் சைக்கிளின் பங்கு கொஞ்சம், கால்களின் பங்கு மிச்சம். அதோடு அவர்கள் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓடியிருப்பார்கள். முன்னால் போகிறவர் காற்றை வெட்டிக் கொடுப்பதால் பின்னால் வருபவருக்குக் காற்றின் எதிர்ப்புக் கால்பங்குக்கு மேல் குறையும். முறை மாற்றி மாற்றி முன்னுக்கு வந்தால் நாலு பேரும் தனியே ஓடுவதைவிட வேகமாகப் போகலாம்.

இப்போது அந்தக் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். ரோட் பைக்கை வாங்கி, பழைய 20 கிலோமீற்றர் வேகத்திலேயே ஓடினால் எவ்வளவு சக்தி வேண்டும்? 65 வாட் அளவு போதும். உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. சரி, வேகமாகவே ஓடுகிறேன், அதே 100 வாட் கொடுக்கிறேன் என்றாலும், 15 கிலோமீற்றர் சுற்றுக்கு முன்பு 45 நிமிடம் பிடித்தது இப்போது 37 நிமிடத்தில் முடிந்துவிடும். வீட்டுக்கு நேரத்தோடு வந்து தேத்தண்ணீர் குடிக்கலாம். கிழமைக் கணக்கில் நாற்பது நிமிடப் பயிற்சி காணாமல் போயிருக்கும். இலட்சக் கணக்கில் காசைக் கொட்டிப் பயிற்சியைக் குறைத்துக்கொண்ட கதை இது. நான் அறிய இரண்டு பேருக்கு இதுவே நடந்தது. இருவரும் சைக்கிளை மாற்றினார்கள், சுற்றை மாற்றவில்லை.

ஆக, ரோட் பைக் ஒரே உழைப்புக்குக் கூடுதல் தூரத்தைத் தரும், அவ்வளவுதான். உங்களுக்குக் குறைவாக இருப்பது தூரமா என்று பாருங்கள். ஒரே தாழங்குடா வீதியைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், ஞாயிற்றுக்கிழமைகளில் களுவாஞ்சிகுடி வரை போய் வெயில் ஏறுமுன் திரும்பவேண்டும், ஒரு நாள் கல்முனையைத் தொடவேண்டும் என்று மனம் கேட்கிறதா? கூட்டாளிகளோடு சேர்ந்து ஓட ஆசைப்பட்டு, வேகம் ஒத்துவராமல் பின்தங்குகிறீர்களா? அப்படியென்றால் ரோட் பைக்குக்கு அர்த்தம் இருக்கிறது. குறைவாக இருப்பது நேரம் என்றால், அல்லது காலையில் எழும்பும் மனம் என்றால், அது கடையில் கிடைக்காது. புதுச் சைக்கிளின் ஆசையில் ஒரு மாதம் எழும்புவோம் என்பதையும் மறுக்கவில்லை. சிலருக்கு அந்த ஒரு மாதமே பழக்கமாகிவிடுவதும் உண்டு.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு விடயத்தை இங்கே சொல்லவேண்டும். மலை இல்லாவிட்டாலும் நமக்குக் கச்சான் இருக்கிறது. கச்சான் என்றவுடன் வறுத்த கச்சான்கொட்டை நினைவுக்கு வந்தால் பிழை சொல்லமாட்டேன், இரண்டுக்கும் ஒரே பெயர். நான் சொல்வது காற்றை. தென்மேற்குப் பருவத்தில் மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடாகி மேற்கில் இருந்து இறங்கி வரும் காற்று. அந்த மாதங்களில் செங்கலடியில் திரும்பிப் பதுளை வீதியால் கரடியனாற்றுப் பக்கம் போய்ப் பாருங்கள், நேரே முகத்தில் அடிக்கும். மணிக்கு 15இல் ஓடும் உங்களுக்கு எதிரே 15இல் காற்று வந்தால், உடம்புக்கு அது 30இல் ஓடுவது போன்ற எதிர்ப்பு, அதாவது காற்றில்லாத நேரத்தைப் போல நாலு மடங்கு.

இந்த இடத்தில்தான் கியர் உதவிக்கு வருகிறது. ஒரே கியர்ச் சைக்கிள் ஒன்றில் முன்னால் பெடலோடு சுற்றும் பல்லுச் சில்லில் 44 பல், பின்னால் உள்ளதில் 18 பல் என்று வையுங்கள். பெடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் சைக்கிள் ஏறக்குறைய 5.4 மீற்றர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு 19 கிலோமீற்றர், நல்ல வேகம். எதிர்க்காற்றில் வேகம் 13க்கு இறங்கினால் சுற்று நாற்பதாகிவிடும். ஒவ்வொரு சுற்றையும் முழங்காலால் இடித்துத் தள்ளவேண்டும். சாதாரண ரோட் பைக்கில் முன்னால் சிறிய சில்லு 34 பல், பின்னால் பெரியது 28 பல் இருக்கும். அந்தக் கியரில் நிமிடத்துக்கு 80 சுற்று லேசாகச் சுற்றினாலும் வேகம் 12க்கு மேல் வரும். வேகம் ஒன்றுதான், முழங்காலுக்குப் போகும் பாரம் பாதி. மற்ற அந்தத்தில் 50 பல்லும் 11 பல்லும் சேர்ந்தால் அதே 80 சுற்றில் மணிக்கு 45 வரும். அது நமக்குக் காகிதத்தில் மட்டும்தான். டூர் டி பிரான்ஸ் ஓட்டக்காரர்களுக்கே செயினைத் தாவ வைத்து மாற்றும் கியரை 1937இல்தான் அனுமதித்தார்கள் என்பதைப் படித்தபோது, லுமாலாவில் மாரடிக்கும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஆனால் கியருக்கு ரோட் பைக் தேவையில்லை. நேரான ஹேண்டிலோடு வரும் கியர்ச் சைக்கிளிலும் அது உண்டு. ரோட் பைக்குக்கும் மவுண்டன் பைக்குக்கும் நடுவே ஹைபிரிட் என்று ஒரு வகை இருக்கிறது. சில்லு ரோட் பைக்கின் அளவு, டயர் கொஞ்சம் தடிப்பம், ஹேண்டில் நேரானது, முதுகு அரைவாசிதான் குனியும். மட்டக்களப்பில் உடம்புக்காக மட்டும் ஓடுபவர் யாராவது என்னைக் கேட்டால் பத்துக்கு ஏழு பேருக்கு இதைத்தான் சொல்வேன்.

அதற்கும் முன்னால், கையில் இருப்பதைச் சரிசெய்யுங்கள். தம்பியின் சைக்கிளை ஒழுங்கை முனையில் இருக்கும் சைக்கிள் கடைக்கு உருட்டிக்கொண்டு போனோம். கடைக்கார ஐயா அதைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. “முதல்ல சீற்ற உசத்து மனே, முழங்கால் நாடியில முட்டுது” என்றார். சீற்றில் இருந்தபடி குதிக்காலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீளவேண்டும். பிறகு முன்பாதத்தால் உழக்கும்போது முழங்கால் மெல்ல மடிந்தே நிற்கும். அதுதான் அளவு. இவனுக்கு நாலு விரற்கடை உயர்த்தவேண்டியிருந்தது. முழங்காலின் முன்பக்கம் நோகிறது என்று இரண்டு மாதமாக எண்ணெய் பூசிக்கொண்டிருந்தான்.

அப்புறம் டயர். எவ்வளவு காற்று அடிக்கலாம் என்று பக்கத்திலேயே பொறித்திருக்கும், அழுக்கைத் துடைத்தால் தெரியும். நம்மில் பலர் பாதிக் காற்றில் ஓடுகிறோம். செயின் துருப்பிடித்திருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே இரும்பு. எண்ணெய் விடாவிட்டால் துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? பின் பிரேக் கட்டை ரிம்மில் உரசியபடியே இருந்தது, ஐந்து மாதமாகப் பிரேக் பிடித்தபடி உழக்கியிருக்கிறான். சில்லைத் திறந்து குண்டுகளுக்குக் கிறீஸ் வைத்து, பிரேக் கட்டை மாற்றி, இரண்டு டயரும் புதிதாகப் போட்ட செலவு, ரோட் பைக்கின் விலையில் ஒரு மூலைக்கும் வராது. அதே தாழங்குடா அடுத்த நாள் ஐந்து நிமிடம் கிட்டவாகிவிட்டது.

இதற்குப் பிறகும் இரண்டு மூன்று மாதம் விடாமல் ஓடி, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சீற்றில் இருக்கப் பழகி, தூர ஆசை குறையவில்லை என்றால் ரோட் பைக்கைத் தேடலாம். புதிதை வாங்க வசதி இல்லாதவர்கள் ஜப்பானில் இருந்து வரும் பாவித்த சைக்கிள்களைப் பார்ப்பார்கள். நல்லவை கிடைக்கும். ஆனால் சில்லின் அளவைக் கேளுங்கள். இன்றைய ரோட் பைக் டயர் 700சி. பழையவற்றில் 27 அங்குலம் என்று ஒன்று உண்டு. கண்ணுக்கு ஒன்று போல இருக்கும், ரிம்மின் விட்டத்தில் எட்டு மில்லிமீற்றர் வித்தியாசம், ஒன்றின் டயர் மற்றதற்கு ஏறாது. செயினை அளந்து பாருங்கள். ஒரு ஊசியின் நடுவில் இருந்து எண்ணி 24ஆவது ஊசி சரியாக 12 அங்குலத்தில் நிற்கவேண்டும். அதைவிட எட்டில் ஒரு அங்குலம் தள்ளி நின்றால் செயினோடு பின் பல்லுச் சில்லையும் மாற்றவேண்டி வரும், அதையும் விலையில் கழித்துப் பேசுங்கள். பாவித்த கார்பன் சைக்கிள் எவ்வளவு மலிவாக வந்தாலும் ஆரம்பக்காரர் தொடவேண்டாம். உள்ளே வெடிப்பு இருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

எல்லாவற்றையும்விட உடம்புக்குப் பொருந்தும் அளவு முக்கியம். மேல் குழாயைக் கால்களுக்கு நடுவே விட்டு நிலத்தில் நின்றால் இரண்டு விரல் இடைவெளியாவது இருக்கவேண்டும். பெரிய அளவை மலிவாகக் கொடுக்கிறார்கள் என்று வாங்கி, எட்டி எட்டிப் பிடித்துக் கழுத்து நோவோடு திரிய வேண்டாம். வயிறு பெரிதாக இருக்கும்போது தாழ்ந்த ஹேண்டில் உண்மையிலேயே கஷ்டம், ஒவ்வொரு உழக்கிலும் தொடை வயிற்றில் இடிக்கும். ஹேண்டிலை உயர்த்திப் பூட்ட முடிகிறதா என்று கடையிலேயே கேளுங்கள்.

டயர் விடயத்தில் நான் பிடிவாதக்காரன். 25 மில்லிமீற்றர் டயர் வேண்டாம், 32 போகக்கூடிய இடைவெளி உள்ள சட்டத்தை எடுங்கள். காபெட் வீதியில் எதுவும் ஓடும். ஆனால் வீட்டில் இருந்து காபெட் வீதிக்கு வரவே மணல் ஒழுங்கையும் கிரவலும் தாண்டவேண்டும். மணலில் மெல்லிய டயர் கத்தி போல இறங்கும். நெருஞ்சி முள்ளும் இருக்கிறது. பெரும்போக வெட்டு முடிந்தால் வீதி ஓரமெல்லாம் நெல் காயும். அதன் மேல் மெல்லிய டயர் ஏறிப் பிரேக் பிடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு என் இடது முழங்கையில் தழும்பு இருக்கிறது. விடிய முன்னர் வீதியில் படுத்திருக்கும் மாடுகளுக்காக முன் லைட் வேண்டும், தலைக்கு ஹெல்மெட் வேண்டும். படுவான்கரைப் பக்கம் இருட்டில் தனியே போகவேண்டாம், அங்கே யானை.

இன்னொன்று. பல ரோட் பைக் டியூப்களின் வால்வு பிரெஸ்டா வகை, மெல்லியது, நுனியில் திருகு. நம் ஊர்ச் சாதாரணப் பம்பு அதில் பொருந்தாது. கரடியனாறு தாண்டிக் காற்றுப் போன ஒரு நாள், பம்பு இருந்தும் அடிக்க வழியில்லாமல், மரக்கறி ஏற்றிவந்த பட்டா லொறியில் சைக்கிளோடு ஏறிச் செங்கலடிக்கு வந்தேன். விரல் நுனி அளவு பித்தளை மாற்றி ஒன்று போதும், அதைத் திருகிவிட்டால் சாதாரணப் பம்பும் பொருந்தும். அன்றிலிருந்து அது திறப்புக் கோர்வையில் தொங்குகிறது.

தம்பி இப்போது தாழங்குடாவில் திரும்புவதில்லை, குருக்கள்மடம் வரை போகிறான், அதே லுமாலாவில். கூட்டாளி ஒருவனின் ரோட் பைக்கை ஒரு கிழமைக்கு இரவல் கேட்டிருக்கிறான், ஓடிப்பார்த்துவிட்டு முடிவெடுப்பானாம். எடுத்தாலும் பழையதை விற்காதே என்று சொல்லியிருக்கிறேன். ரோட் பைக்குக்குக் கரியர் கிடையாது, மழை மாதங்களில் முதுகெல்லாம் சேறடிக்கும், மட்கார்ட் பூட்ட இடமும் பலவற்றில் இருக்காது. நேற்று அம்மாவுக்கென்று இருபது தேங்காயைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தது அந்த லுமாலாவின் கரியரில்தான்.